மாமி பார்த்த சுவீடன் படம்

என் மாமி, அதாவது என் கணவரின் தாயார், மெல்பேர்னில் எங்களோடு இருந்த காலத்தில் தானாகக் கேட்டுப் பார்த்த வெளிநாட்டுப் படம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு சுவீடன் படம். படத்தின் பெயர் அப்போதே என் வாயில் நுழையவில்லை, இப்போது அறவே மறந்துவிட்டது. பழைய காலத்துச் சுவீடன்காரர்கள் பஞ்சம் தாங்காமல் ஊரைவிட்டுக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகிற கதை. மாமிக்கு அமெரிக்காவும் தேவையில்லை, கப்பலும் தேவையில்லை. சுவீடனை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவருடைய சின்ன மகன் அங்கே இருக்கிறான் என்று நாங்கள் சொல்லி வைத்திருந்தோம்.

அவன் அங்கே இல்லை. சுவீடனுக்குப் போகிற வழியில், கரையைக் காணும் முன்பே கடலில் போய்விட்டான். இது என் கணவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மெல்பேர்னில் வேறு யாருக்கும் தெரியாது. மாமிக்குத் தெரியவே கூடாது என்று ஒரு வருடமாக வீட்டுக்குள் நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம்.

நாங்கள் எண்பத்தேழில் வந்தவர்கள். ஸ்பிரிங்வேலில் ரயில் பாதைக்குப் பின்பக்கம் இரண்டு அறை வீடு. கணவருக்கு டண்டினோங் பக்கம் கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். பிள்ளை குட்டி அப்போது இல்லை. அவர் அதிகம் பேசாத மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். பெண் பார்க்க வந்த அன்று, நான் கொடுத்த தேநீர் எப்படி என்று யாரோ கேட்டதற்கு, "சீனி கூடிப்போச்சு" என்று சபையில் வைத்துச் சொன்னவர். அதற்காகவே நான் அவரைக் கட்டச் சம்மதித்தேன். அப்படிப்பட்ட மனிதரைத்தான் விதி பொய்க்காரனாக்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைத்துனர், அதாவது கணவரின் தம்பி, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து ரஷ்யா வழியாகச் சுவீடனுக்குப் புறப்பட்டார். மாமி அவரை வழியனுப்பிவிட்டு, கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி எங்களிடம் வருவதற்கான விசாவுக்குக் காத்திருந்தார். இரண்டு பிள்ளைகளும் இரண்டு திசை, தான் நடுவில் ஒரு லொட்ஜ் கட்டிலில் என்று ரெலிபோனில் சொல்லிச் சிரிப்பார். மாதக்கணக்கில் சின்னவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு காலை, நாங்கள் வேலைக்கு வெளிக்கிடும் நேரம், சுவீடனிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பொடியன் ரெலிபோனில் கதைத்தான்.

"அண்ணை, நான் உங்கட தம்பியோட ஒரே போட்டில வந்தனான்" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. கொஞ்ச நேரம் அழுதான். சின்னப் படகு, அளவுக்கு மேல் ஆட்கள், குளிர்காலத்துக் கடல், இருட்டு. "அவர் என்ர கையைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவர் அண்ணை. பிறகு விட்டிட்டார்." உடல் கிடைக்கவில்லை என்றும் சொன்னான்.

என் கணவர் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டார். நான் என்னென்னவோ சொன்னேன், எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அம்மாவுக்குச் சொல்லக்கூடாது" என்பதுதான். "சொன்னால் அவ பிளேன் ஏறமாட்டா. மன்னாருக்குத் திரும்பிப் போயிருவா. இஞ்ச வரட்டும். நான் பக்கத்தில இருந்து சொல்லுறன்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. எங்கள் ஆட்களின் வழக்கமே அதுதானே. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குத் தகப்பன் செத்ததைச் சொல்லமாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாய் செத்ததைச் சொல்லமாட்டார்கள். வெளிநாட்டில் தனியே இருக்கிறவனுக்கு ஆறுதலாகச் சொல்லுவோம் என்பார்கள். சாவீட்டுச் சாப்பாடு முடிந்து பந்தல் பிரித்த பிறகும் அந்த ஆறுதலான நேரம் வராது. அன்பில்தான் செய்கிறோம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அதனால்தான் அதைத் தடுக்கவும் ஒருவராலும் முடிவதில்லை.

விமான நிலையத்தில் மாமி தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். மகனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார், என்னைக் கொஞ்சினார், கண்ணைத் துடைத்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி, "சின்னவன் போய் இறங்கிட்டானோ?"

சுற்றிலும் சனம். பின்னால் வருகிறவர்கள் வழிவிடச் சொல்லி நிற்கிறார்கள். என் கணவர் வீட்டில் வைத்துச் சொல்லவென்று வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தார், அந்த இடத்துக்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. "ஓம் அம்மா, இறங்கிட்டான்" என்றார். மாமி அந்த இடத்திலேயே சிலுவை போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னார்.

அன்றோடு கதை எங்கள் கையைவிட்டுப் போனது. இறங்கியவன் ஏன் கதைக்கவில்லை? அகதிக் காம்பில் வைத்திருக்கிறார்கள், அங்கே ரெலிபோன் இல்லை. ஏன் காம்ப்? கேஸ் முடியும்வரை அப்படித்தான். அகதிக் கேஸ் என்றால் என்ன, எவ்வளவு காலம் இழுக்கும் என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் ஒழுங்காகத் தெரியாது, அதனால் எதைச் சொன்னாலும் எடுபட்டது. ஆனால் தாய் மனம் அதோடு நிற்குமா? நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என் கணவர், காம்பில் இருக்கிற ஒரு அதிகாரி மூலம் தான் வேலைத்தலத்திலிருந்து தம்பியோடு கதைத்ததாகச் சொல்லத் தொடங்கினார். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே மாமி வாசலில் நிற்பார்.

"கதைச்சனியோ?"

"ஓம் அம்மா. சுகமாம்."

"குளிராமோ?"

"குளிர்தானாம். தடிச்ச சப்பாத்துக் குடுத்திருக்கினமாம்."

"மீன் கிடைக்குமாமோ?"

"நல்ல மீனாம்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். அவர் குளிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு நெஞ்சு வெடிக்கும், அதே நேரம் கோபமும் வரும். "எப்ப சொல்லப்போறியள்?" என்று இரவு படுக்கையில் குசுகுசுப்பேன். "அம்மான்ர பிரஷர் குறையட்டும்." பிரஷர் குறைந்தது. "உயிர்த்த ஞாயிறு போகட்டும்." அதுவும் போனது. "நத்தாருக்குப் பிறகு." நத்தார் வந்தது, கிறிஸ்மஸ் பரிசாக மாமி சின்னவனுக்கு என்று ஒரு ஸ்வெற்றர் வாங்கி அலுமாரியில் வைத்தார். மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற தமிழ்ப் பூசைக்குப் போனால், பூசை முடிந்து ரீ குடிக்கிற இடத்தில் நின்று அங்கே வருகிற பெண்பிள்ளைகளை மேலும் கீழும் பார்ப்பார். "உந்தப் பிள்ளை நல்ல அடக்கம். சின்னவனுக்கு விசா கிடைச்சதும் கேட்டுப் பாப்பம்" என்று என் காதில் சொல்வார். நான் ரீக்கு ஊதுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எல்லாவற்றிலும் கொடியது மாலைச் செபம். மாமி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் செபமாலை. முடிவில் மாமி தன் வாயாலே மன்றாட்டுச் சொல்வார். "அந்தோனியாரே, என்ர சின்னவன்ர கேசை வெல்லப் பண்ணும். அவனுக்கு விசா எடுத்துக் குடும்." நாங்கள் இருவரும் பின்னால் முழந்தாளில் நின்று "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். என் கணவர் சொல்வார். ஒரு நாளும் தவறாமல் சொல்வார். நான் பல நாள் வாயை மட்டும் அசைத்துவிட்டு இருந்திருக்கிறேன்.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு பூசையாவது ஒப்புக்குடுங்கோவன்" என்று ஒருநாள் கெஞ்சினேன். கத்தோலிக்கருக்கு இது சின்ன விஷயம் இல்லை. செத்தவருக்குப் பூசை வைக்காமல், ஆன்மாவுக்கு மன்றாடாமல் விடுவது தாகத்தில் கிடக்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விடுவது மாதிரி. அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வைக்கிறது? தமிழ்ப் பூசையில பேர் வாசிப்பினம். இங்கிலிஷ் கோயிலுக்கும் அவதானே தினமும் போறா, முன் வாங்கில இருப்பா." வேறு ஊரில், சிட்னியில் யாரிடமாவது சொல்லி வைக்கலாமே என்றேன். சிட்னியில் சொன்னால் மெல்பேர்னுக்கு வர எவ்வளவு நேரம் என்று கேட்டார். அதுவும் உண்மை. சிட்னி பிளாக்டவுனில் ஒருவர் தும்மினால் ஸ்பிரிங்வேலில் சுகம் விசாரிக்கிற சனம் நாங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படத்தின் விளம்பரம் வந்தது. பல நாட்டுப் படங்களும் போடுகிற சானல் ஒன்று இருந்தது. மாமிக்கு இங்கிலிஷ் தெரியாது, ஆனால் சுவீடன் என்ற சொல் எந்த மூலையில் கேட்டாலும் காது நிமிரும். நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தார்.

"பிள்ளை, ரீவியில சுவீடன் படம் போடப்போறாங்கள்! சண்டே எண்டது காதில விழுந்தது, எத்தினை மணிக்கெண்டு நீ ஒருக்கா வந்து கேள்."

சரிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு. கணவரிடம் சொன்னபோது, "படம்தானே, பாக்கட்டும். சந்தோசப்படட்டும்" என்றார். பாவம், பனி விழுகிற வீதியையும் ரயில் வண்டியையும் காட்டுவார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

அன்று மாமி காலைப் பூசைக்குப் போய்வந்து, சமைத்து, குளித்து, தமிழ்ப் பூசைக்கு உடுக்கிற நீலச் சேலையை உடுத்திக்கொண்டார். கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். கூட்டத்தில் எங்கேயாவது சின்னவன் தென்பட்டாலும் படுவான் என்று சொல்லிவிட்டு, தானே வெட்கப்பட்டுச் சிரித்தார். வெளியே நல்ல மழை. கணவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில். கீழே ஓடுகிற இங்கிலிஷ் எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்வது அவர் வேலை. நான் பின்னால் சோபாவில் இருந்தேன்.

படம் தொடங்கியது. வீதியும் இல்லை, ரயிலும் இல்லை. கல்லு நிறைந்த ஒரு காணி. ஒரு விதவைத் தாயும் இரண்டு ஆண்பிள்ளைகளும் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிக் குவிக்கிறார்கள்.

"இதுவோ சுவீடன்?" மாமியின் முகம் விழுந்துவிட்டது.

"இது அந்தக் காலம் அம்மா. முந்தி நடந்த கதை."

"இந்தப் பஞ்சத்துக்கோ என்ர பிள்ளை போனவன்?"

"இப்ப இப்படியில்லை அம்மா. இப்ப பணக்கார நாடு."

மாமி ஏமாந்து எழும்பிப் போய்விடுவார் என்று நம்பினேன். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. விளைச்சல் பொய்த்தது, மாடு செத்தது, மூத்தவன் அமெரிக்கா போகலாம் என்று தொடங்கினான். மாமி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். "உங்க பார், எல்லா ஊரிலயும் மூத்ததுகள்தான் முதல் வெளிக்கிடுறது" என்று மகனைச் சாடையாக இடித்தார். அங்கேயிருந்து சனம் வெளியே ஓடுகிறது, தன் பிள்ளை அங்கே ஓடுகிறான், இது என்ன உலகம் என்று தலையில் கைவைத்துச் சிரித்தார். கணவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்துக் கனகாலம். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று பேரும் நல்ல சந்தோஷமாகவே இருந்தோம்.

படத்துத் தாய் வரமாட்டேன் என்றுவிட்டாள். புருஷனைப் புதைத்த இடத்தை விட்டு வர அவளுக்கு மனமில்லை. இரண்டு மகன்களும் புறப்படுகிற நாளில் படலையடியில் நின்று ரொட்டிப் பொட்டலத்தைச் சின்னவன் கையில் கொடுத்தாள், பிறகு மூத்தவனின் தோளைப் பிடித்து ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"தம்பியைக் கவனமாப் பாத்துக்கொள்ளட்டாம்" என்றார் கணவர். மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

பிறகு கப்பல். நெரிசல், வாந்தி, புழு விழுந்த மாவு. கடலைக் கண்டதும் மாமி நிமிர்ந்து இருந்தார். மன்னார்க் கரையில் பிறந்து வளர்ந்தவர், கடலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சின்னவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். எனக்குப் போதும் போதும் என்று ஆனது. ரீவியை நிற்பாட்ட எழும்பலாமா என்று நினைத்தேன், என்ன சாட்டுச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு கிழவி அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்து ஏதோ சொன்னாள். இந்தப் பிள்ளை விடியலைக் காணாது என்று கீழே எழுத்து ஓடியது.

"விடியச் சுகமாயிருமாம்" என்றார் என் கணவர்.

நான் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது இரண்டும் சிவந்திருந்தன.

அடுத்து விடியற்காலை. மேல்தட்டில் எல்லாரும் நிற்கிறார்கள். பாய்த் துணியில் வைத்துத் தைத்த நீளமான ஒரு பொதி, ஒரு பலகைமேல். கப்பல்காரர் தொப்பியைக் கழற்றினார்கள். பலகை சரிந்தது. பொதி தண்ணீரில் விழுந்தது. யாரும் அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை, வாசிப்பதற்கும் கீழே எழுத்தில்லை.

"அது என்ன?" என்று மாமி கேட்டார்.

"அது... பழுதான சாமான் அம்மா. கப்பல்ல பாரம் கூடிப்போச்சாம்."

மாமி ரீவியையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, "பழுதான சாமானுக்கு ஆர் தொப்பி கழட்டுறவை?" என்றார்.

படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவன் தனியே கப்பல் விளிம்பில் நின்றான். ஆட்கள் சாப்பிட்டார்கள், யாரோ ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தலை வாரினாள். என் கணவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாமியும் என்னவாம் என்று கேட்கவில்லை. நல்ல நேரம் போன பிறகு கேட்டார்.

"தாய்க்கு ஆர் அறிவிக்கிறது?"

"தமையன்தான்."

"அறிவிச்சிட்டானோ?"

"இன்னும் இல்லை அம்மா."

அவர் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. தன் கைகளைப் பார்த்துத்தான் சொன்னார். மாமி என் பக்கம் திரும்பாமலே, "ரீவியை நிப்பாட்டு பிள்ளை" என்றார்.

நிற்பாட்டினேன். மாமி கதிரையிலிருந்து இறங்கி முழந்தாளிட்டார். கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"ஆரோ பெத்த பிள்ளை. ஒரு குருவானவரும் இல்லாமல், ஒரு செபமும் இல்லாமல் போட்டிட்டினம். அவனுக்கு ஒருக்காச் சொல்லுவம்."

அது படம், அவன் நடிகன், இன்றைக்கும் எங்கேயோ உயிரோடு இருப்பான் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மாமிக்குப் பின்னால் முழந்தாளிட்டோம். மாமி மரித்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினார். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் சொல்லாத செபம் அது. சாவு பற்றிய பேச்சே வந்துவிடக் கூடாது என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த செபம். முதலாவது பதிலை என் கணவர் சொன்னார். இரண்டாவதில் குரல் உடைந்தது. மூன்றாவதை நான் தனியே சொன்னேன். அவர் நெற்றியை நிலத்தில் வைத்துவிட்டார்.

மாமி முன்னால் இருந்தபடியே அந்தச் சுவீடன் பொடியனுக்கான செபத்தை முழுதாகச் சொல்லி முடித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்.

"சின்னவனுக்கும் சேர்த்துச் சொல்லட்டோ, ராசா?"

நான் கணவரின் முதுகில் கையை வைத்தேன்.

"ஓம் அம்மா" என்றார்.

மாமி சொன்னார். பெயரைச் சொல்லி, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயரையும் சொல்லி, ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அழவில்லை. முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"எப்ப?"

"நீங்கள் கொழும்பில நிக்கேக்க."

"கடலோ?"

"ஓம்."

"எடுத்தவையோ?"

"இல்லை அம்மா. கிடைக்கேல்லை."

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஏற்கனவே பாதி தெரிந்ததைச் சரிபார்க்கிற மாதிரி இருந்தது. தப்பிவிட்டோம், தாங்கிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பூசை எத்தினை வைச்சனி?"

என் கணவர் தலை குனிந்தார்.

"ஒண்டும் வைக்கேல்லையோ? முப்பத்தோராம் நாளுக்கும் வைக்கேல்லையோ?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருமெண்டு..."

மாமி போட்ட குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. சாவீட்டு ஒப்பாரி இல்லை அது. எழும்பி வந்து, வளர்ந்த மகனின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தார். "ஒரு வருசம்! ஒரு வருசம் என்ர பிள்ளை ஒரு செபமுமில்லாமல் கிடந்தவனேடா! நான் விசாவுக்கெல்லோ கேட்டனான்! ஒவ்வொரு நாளும் முழந்தாளில நிண்டு விசாவுக்கெல்லோ கேட்டனான்! செத்த பிள்ளைக்கு விசாக் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்! நீயும் பின்னால நிண்டு பதில் சொன்னியேடா!"

அவர் அடியை வாங்கிக்கொண்டு அப்படியே குனிந்திருந்தார். நான் மாமியின் கையைப் பிடிக்கப் போனேன், பிறகு விட்டுவிட்டேன். அடிக்கட்டும் என்று இருந்தது. அவருக்கும் அது தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். கடைசியில் மாமி களைத்து, அடித்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதார். தம்பிக்காக என் கணவர் வாய்விட்டு அழுததும் அன்றுதான்.

அடுத்த தமிழ்ப் பூசையில் சின்னவனின் பெயரை வாசித்தார்கள். கோயிலில் பலர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ரீ குடிக்கிற இடத்தில், நாங்கள் மறைத்து வைத்திருந்ததைக் கேள்விப்பட்ட ஒரு அன்ரி என் கணவரின் கையைப் பிடித்து, "நல்ல பிள்ளை நீ, தாயைக் காப்பாத்திப்போட்டாய்" என்றார். மாமி பக்கத்திலேயே நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரீயை அன்ரியின் சேலையில் ஊற்றியிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, மறைத்ததைப் பற்றி மாமி மகனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பழையபடி சமைத்தார், வாசலில் நின்று அவரை வரவேற்றார், வேலையைப் பற்றி விசாரித்தார்.

ஆனால் செபமாலை இரண்டானது. முதலாவது வழக்கம்போல, மூன்று பேரும் சேர்ந்து. அது முடிந்து நாங்கள் எழும்பினாலும் மாமி எழும்பமாட்டார். இன்னுமொன்று தனியே தொடங்குவார். முதல் நாள் நான் விளங்காமல், "என்ன மாமி, திரும்பவும்?" என்று கேட்டேன்.

"அது இண்டைக்கு. இது அந்தச் சொல்லாமல் விட்ட வருசத்துக்கு."

இரண்டாவது தொடங்கியதும் என் கணவர் வெளியே போய்விடுவார். பூமரம் எதுவும் இல்லாத எங்கள் பின்வளவில் குழாயைப் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் விடுவார். மழை பெய்த அன்றும் விட்டிருக்கிறார்.

எங்களுக்கு மகள் பிறந்தாள், வேறு வீடு வாங்கிப் போனோம், நல்லது கெட்டது எத்தனையோ வந்தது. இரண்டாவது செபமாலை மட்டும் நிற்கவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம், பிறகு கணக்கே விட்டுப்போனது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் முழங்கால் வீங்கியிருந்தது. "மாமி, விட்டது ஒரு வருசம்தானே. அது எப்பவோ சரிவந்திருக்கும்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் விசாவுக்கும் ஒரு வருசம் கேட்டனான்தானே பிள்ளை. அது ஆற்றயாவது காதில விழுந்ததோ எண்டு எனக்குத் தெரியாது. இதெண்டாலும் போய்ச் சேரட்டும்." பிறகு நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மாமி சில வருடங்களுக்கு முன் மொனாஷ் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காலமானார். கடைசி நாட்களில் பேச்சுக் குழறியது. ஒரு பின்னேரம் மகனைக் கூப்பிட்டுச் செபமாலையை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "மற்றதை இனி நீ சொல்லு" என்றார். இவ்வளவு காலத்தில் அதைப் பற்றி அவரிடம் மாமி சொன்னது இது ஒன்றுதான்.

இப்போது மாலையில் நாங்கள் இருவரும் ஒரு செபமாலை சொல்கிறோம். மகள் வீட்டில் இருந்தால் அவளும் இருப்பாள், முடிந்ததும் எழும்பிப் போய்விடுவாள். நானும் குசினிக்குப் போய்விடுவேன். அவர் எழும்புவதில்லை. அறுபதைத் தொட்டுவிட்டார், தொழிற்சாலையில் நின்று நின்று முதுகும் போய்விட்டது, கதிரையில் இருந்தபடியேதான் இரண்டாவதைச் சொல்கிறார். போன கிழமை சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வந்து பார்த்தேன், பாதியில் இருந்தார். சாப்பாடு ஆறுகிறது என்றேன். அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினார். அவர் அந்த வருடத்தை எப்போதோ கட்டி முடித்திருப்பார், இன்னும் எதற்காக இப்படி உடம்பை வருத்துகிறார் என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"போதும்தானேப்பா. அது எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றேன்.

மணியிலிருந்து விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சுதெண்டு அம்மா சொல்லேல்லை" என்றார்.